மெஷின் தானாக ஓடவில்லை

"கையெழுத்துகூட வேணாம்மா, கட்டைவிரல் போதும்" என்று சொல்லி ஜெயராமன் மைப்பெட்டியைத் திறந்து சின்னத்தாயியின் பக்கத்தில் வைத்தார். சின்னத்தாயி விரலை நீட்டிவிட்டாள். மை பட்டும்விட்டது. காகிதத்தைத் தொடுவதற்குள் மமதா அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க அண்ணி. நான் ஒரு தடவ படிச்சிடறேன்."

பிணவறைக்கு எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்ச் இருந்தது. அண்ணியும் நாத்தனாரும் காலையிலிருந்து அதில்தான் உட்கார்ந்திருந்தார்கள். உறவுக்காரர்கள் மரத்தைச் சுற்றி நின்றிருந்தார்கள். மமதாவின் அண்ணன் கோவிந்தப்பா உள்ளே இருந்தான். முந்தின நாள் மத்தியானம், பீன்யாவில் அவன் வேலை பார்த்த சோப்புத்தூள் தொழிற்சாலையில், தூள் கலக்கும் தொட்டிக்குள் இறங்கிச் சுரண்டிக்கொண்டிருந்தபோது மெஷின் ஓடிவிட்டது. அப்படித்தான் அவர்கள் குடியிருந்த ஈஜிபுராவுக்குச் செய்தி வந்தது. மெஷின் ஓடிடுச்சும்மா.

வீட்டார் ஒரு புகார் எழுதிக் கொடுத்தால்தான் போலீஸ் உடலைப் பார்த்துச் சாட்சிகளை வைத்துப் பஞ்சநாமா எழுதும். பஞ்சநாமா முடிந்தால்தான் டாக்டர் உள்ளே போவார். டாக்டர் மத்தியானத்தோடு கிளம்பிவிடுவார் என்று வாசலில் இருந்த சிப்பந்தி இரண்டு முறை சொல்லிவிட்டுப் போயிருந்தான். போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர், நரைத்த மீசைக்காரர், பிணவறைத் தாழ்வாரத்தில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார். புகாரைத் தொழிற்சாலையே டைப் அடித்துக் கொண்டுவந்துவிட்டது. பர்சனல் ஆபீசர் ஜெயராமன் மல்லேஸ்வரத்திலிருந்து ஸ்கூட்டரில் அதைக் கொண்டுவந்திருந்தார். வரும்போது பிளாஸ்க்கில் காப்பியும் கொண்டுவந்து, தன் கையாலேயே எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். நல்ல மனிதர் என்று கோவிந்தப்பா பலமுறை சொல்லியிருக்கிறான்.

மமதா காகிதத்தைப் படித்தாள். ஆங்கிலத்தில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று. இரண்டிலும் ஒரே விஷயம். 'துப்புரவுப் பணி நடைபெற்றுக்கொண்டிருந்த வேளையில் கலவை இயந்திரம் இயங்கத் தொடங்கியதால், முன்னெச்சரிக்கைகள் கடைப்பிடிக்கப்படாத நிலையில், உள்ளே இருந்த தொழிலாளி எதிர்பாராத விதமாகக் காயமுற்று மரணமடைந்தார்.'

அவள் அதை இன்னொரு முறை படித்தாள். எழுத்துப் பிழை இல்லை. இலக்கணம் சுத்தமாக இருந்தது. பணி நடைபெற்றது, இயந்திரம் இயங்கியது, எச்சரிக்கைகள் கடைப்பிடிக்கப்படவில்லை, தொழிலாளி காயமுற்றார். எல்லாம் மழை பெய்கிற மாதிரி நடந்திருந்தது. அந்தத் தொழிற்சாலையில் அன்றைக்கு மனிதர்களே இல்லை போலிருந்தது.

மமதாவுக்கு இந்த மாதிரி வாக்கியங்கள் புதிதல்ல. ரெசிடென்சி ரோட்டில் டெஸ்மண்ட் என்பவரின் அலுவலகத்தில் அவள் வேலை செய்தாள். டெஸ்மண்ட் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக நஷ்டங்களைப் போய்ப் பார்த்து அறிக்கை கொடுக்கிற சர்வேயர். எரிந்த கிடங்குகள், கவிழ்ந்த லாரிகள், நனைந்த துணி மூட்டைகள். டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள், இப்போது அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு அறிக்கையைத் தானே எழுதித் தட்டச்சு செய்துவிடுவாள். 'லாரி கவிழ்ந்தது' என்று மட்டும் எழுதி அனுப்பிய அறிக்கைகள் திரும்பி வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். யார் ஓட்டியது, யார் பாரம் ஏற்றியது, யார் பார்த்தது என்று ஓரத்தில் பென்சிலால் கேட்டிருப்பார்கள். துணி மூட்டை நனைந்ததற்கே அவ்வளவு கேள்வி.

"இதுல ஏதாவது தப்பு இருக்காம்மா?" ஜெயராமன் கேட்டார்.

"தப்பு இல்ல சார்."

"பின்னே?"

"யாருன்னு இல்ல."

ஜெயராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் வாழ்நாளெல்லாம் கடிதங்கள் எழுதியவர். அவள் சொல்வது அவருக்கு உடனே புரிந்துவிட்டது என்பது மமதாவுக்கும் தெரிந்தது.

"கொஞ்சம் இப்படி வாங்கோ" என்று அவளை மரத்தின் அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யாருன்னு எழுதினா என்ன வரும் தெரியுமோ? கிரண் பேரு வரும். சுவிட்சைப் போட்டது அவன். உங்க தெருப் பையன்தானே? உங்க அண்ணாவும் அவனும் ஒரே பஸ்ல வந்து, ஒரே டப்பாவுல சாப்பிட்டவா. அவனுக்கும் குடும்பம் இருக்கு. அவனைத் தூக்கிப் போலீஸ்ல கொடுக்கணும்னா கொடுங்கோ. நான் இப்படி எழுதினது ஒருத்தரையும் காட்டிக்கொடுக்காம இருக்கறதுக்குத்தான்."

கிரண்தான் சுவிட்ச் போட்டான் என்று நேற்று சாயங்காலமே தொழிற்சாலை வாசலில் யாரோ சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. ஆனால் அதை யாரும் அவளிடம் நேராகச் சொல்லவில்லை. இப்போதுதான் ஒருவர் சொல்கிறார்.

"அண்ணிக்கு பேக்கிங் செக்‌ஷன்ல வேலை போட்டுத் தரச்சொல்லி நானே பேசி வெச்சிருக்கேன்" என்றார் ஜெயராமன். "இது சுமுகமா முடிஞ்சா எல்லாருக்கும் நல்லது."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பெரியப்பா வந்து மமதாவின் தோளைத் தொட்டார். "என்னாம்மா பண்ற? அங்க அவன் கெடக்கறான். இருட்டறதுக்குள்ள மண்ணுல வெக்க வேணாமா? எழுத்துல என்னா இருக்குது. போனவன் போயிட்டான்."

"நேரம் இருக்குது பெரியப்பா."

"எங்க இருக்குது? டாக்டர் போயிட்டா நாளைக்குத்தான்."

மமதா சின்னத்தாயியிடம் வந்து குனிந்தாள். அவள் கட்டைவிரலில் ஒட்டியிருந்த நீல மையைத் தன் முந்தானையால் துடைத்தாள். "நான் வர்ற வரைக்கும் விரல் வெக்காதீங்க அண்ணி. யார் சொன்னாலும்."

சின்னத்தாயி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அழுது வீங்கிய கண்கள். விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே டீக்கடைகள் வரிசையாக இருந்தன. கடைசிக் கடையின் பின்னால், காலி சோடா பாட்டில் கிரேட் ஒன்றின் மேல் கிரண் உட்கார்ந்திருந்தான். உள்ளே வரத் தைரியமில்லாமல் காலையிலிருந்து அங்கேதான் இருக்கிறான் என்று பார்த்த உடனே தெரிந்தது. கையில் டீ ஆறிப் போய் ஆடை கட்டியிருந்தது. அவன் மனைவி கோமளம் பக்கத்தில் நின்றிருந்தாள். மமதாவைக் கண்டதும் அவள் புருஷனுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"கோமளக்கா, அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"என்னாத்த கேக்கப் போற? அவரு ராவெல்லாம் பச்சத் தண்ணி குடிக்கல. ஏற்கெனவே செத்துதான் போயிட்டாரு."

"திட்டறதுக்கு வர்ல."

கிரண் தலையைத் தூக்கவில்லை. மமதா தரையில், அவனுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"கிரண் அண்ணா, என்ன நடந்துச்சுன்னு சொல்லு. மொதல்ல இருந்து. எங்க அண்ணன உள்ள எறங்கச் சொன்னது யாரு?"

சாலையில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அவன் தன் கையைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினான்.

"சூப்பர்வைசரு. சுதீர் சாரு. தொட்டியோட அடியில தூளு கட்டிப் பிடிச்சிருச்சு, எறங்கிச் சொரண்டுன்னாரு."

"எறங்கறப்ப கரண்ட் நிறுத்தறது எப்படி?"

"பியூஸ் கட்டய புடுங்கி எறங்கறவன் ஜோபில போட்டுக்கணும். அதான் ரூல்சு. மின்ன அப்படித்தான் செஞ்சோம். இப்ப கொஞ்ச மாசமா கட்ட சுதீர் சாருகிட்டதான் இருக்கும். திரும்பத் திரும்பப் புடுங்கி மாட்டறதுல லேட்டாவுதுன்னு."

"நேத்து புடுங்கினாரா?"

"இல்ல. சுவிட்ச மட்டும் நிறுத்தச் சொன்னாரு."

"மூடி தெறந்தா மெஷின் ஓடாதுன்னு அண்ணன் ஒரு தடவ சொல்லியிருக்குது."

"மூடியில ஒரு சுவிட்ச் இருக்குது. அத கம்பி போட்டுக் கட்டிட்டாங்க."

"யாரு கட்டினாங்க?"

"தெரியாது மமதா. நான் பாக்கறப்பவே கட்டியிருந்துச்சு."

"அப்புறம்?"

கிரண் டீ டம்ளரைக் கீழே வைத்தான். வைக்கும்போது சாய்ந்து கொட்டியது. "ஷிப்ட் மாறுற நேரம். சுதீர் சாரு வந்தாரு. கோவிந்தப்பா வெளிய வந்துட்டான், சாப்பாட்டுக்குப் போயிட்டான், போடுன்னாரு. போட்டேன்."

"நீ எட்டிப் பாத்தியா?"

"பாக்கல."

"குரல் குடுத்தியா?"

"குடுக்கல. சாரு சொன்னாரேன்னு..."

அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். மமதா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் என்றிருந்தது. ஒரு நிமிஷம், எட்டிப் பார்க்க ஒரு நிமிஷம்தானே ஆகும் என்று கேட்க வேண்டும் என்றிருந்தது. புடவைக் கரையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது அடங்கியபின் சொன்னாள்.

"இத நான் எழுதிக் குடுக்கப் போறேன். நீ சொன்னது எல்லாத்தயும்."

"எட்டிப் பாக்கலன்றதயும் எழுதுவியா?" என்றாள் கோமளம்.

"எழுதுவேன்கா."

"அப்ப என் புருஷன ஜெயில்ல போட்டுட்டுதான் உங்க அண்ணன பொதைப்ப. இவரு வேணும்னா செஞ்சாரு? ரெண்டு பேரும் கூடப் பொறந்தவங்க கணக்கா இருந்தாங்க. அந்த ஆபீசரு நல்லவரு, யாரு பேரும் வராம எழுதியிருக்கறாருன்னு சொன்னாங்க. அதுல கைநாட்டு வெச்சா உங்களுக்கு என்னா கொறஞ்சிடும்?"

மமதா எழுந்து நின்றாள். கோமளத்தின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அக்கா, அந்தப் பேப்பர்ல இன்னிக்கு யாரு பேரும் இல்ல. அந்த எடம் காலியா இருக்குது. நாளைக்கு கவர்மெண்ட் ஆபீசருங்க வருவாங்க, யாருப்பா சுவிட்ச் போட்டதுன்னு கேப்பாங்க. அப்ப அந்தக் காலி எடத்துல ஒரே ஒரு பேரதான் எழுதுவாங்க. பியூஸு வராது, கம்பி வராது, சுதீர் வரமாட்டாரு. இவரு பேரு மட்டும்தான் வரும். இப்பவே எழுதினா எல்லாம் வரிசையா வரும். யாரு எறங்கச் சொன்னது, யாரு கட்டய வெச்சிருந்தது, யாரு போடுன்னு சொன்னது. அதுக்கு அப்புறம்தான் இவரு."

"வரிசைல கடைசின்னா தப்பிச்சிடுவாரா?"

"தெரியாதுக்கா. தப்பிச்சிடுவாருன்னு நான் சொல்லல."

கோமளம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிரண் கிரேட்டிலிருந்து எழுந்தான். எழும்போது தடுமாறி, டீக்கடைத் தட்டியைப் பிடித்துக்கொண்டான்.

"எழுது" என்றான். "நான் வந்து சொல்றேன்."

ரைட்டரின் மேஜையிலிருந்து இரண்டு வெள்ளைத் தாள்கள் வாங்கிக்கொண்டு மமதா பெஞ்சுக்கு வந்தாள். டெஸ்மண்டின் அலுவலகத்தில் அவள் ஆங்கிலத்தில் எழுதுவாள். இதை ரைட்டர் படிக்க வேண்டும், பிறகு கோர்ட்டில் யாரோ படிக்க வேண்டும்; பள்ளிக்கூடத்தில் படித்த கன்னடத்திலேயே எழுத முடிவு செய்தாள். மனதுக்குள் தமிழில் சொல்லிச் சொல்லி, அதைக் கன்னடத்தில் இறக்கினாள். மொழி எதுவானாலும் ஒன்றுதான். ஓடியது என்றும் எழுதலாம், ஓட்டினார் என்றும் எழுதலாம். எது நடந்ததோ அதை எழுத வேண்டும்.

அவள் வீட்டில் கண்ணாடி டம்ளர் உடைந்தால் எல்லோரும் 'ஒடஞ்சிடுச்சு' என்பார்கள். கோவிந்தப்பா மட்டும் சமையல்கட்டிலிருந்து 'நான் ஒடச்சிட்டேன்' என்று குரல் கொடுப்பான். சின்னத்தாயி திட்டுவாள். அவன் துடைப்பத்தை எடுத்து வந்து கூட்டுவான். மமதா அதைப் பற்றி இதுவரை நினைத்ததே இல்லை. பேனா ஒரு கணம் நின்றது. மறுபடி எழுதினாள்.

முதல் தாளில் நிறைய அடித்தல் திருத்தல். 'கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள்' என்று எழுதியவள், யார் என்று தன்னையே கேட்டுக்கொண்டு அதை அடித்தாள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதினாள். 'கிரண்' என்று எழுத வேண்டிய இடம் வந்தபோது எழுத்து கோணியது. அந்தப் பெயரைச் சுற்றி ஒரு மறைப்புப் போட முடியுமா என்று பார்த்தாள். 'ஆபரேட்டர்' என்று எழுதலாம். 'பணியில் இருந்தவர்' என்று எழுதலாம். அப்படி எழுதினால் தன் காகிதத்துக்கும் ஜெயராமனின் காகிதத்துக்கும் வித்தியாசம் இருக்காது. கிரண் என்றே எழுதினாள். இரண்டாவது தாளில் நிதானமாக, கோடு போட்ட மாதிரி நகல் எடுத்தாள்.

"அண்ணி, கேளுங்க. இது நீங்க சொல்ற மாதிரி எழுதியிருக்குது." கன்னடத்தில் இருந்ததைத் தமிழில் படித்தாள்.

"என் கணவரைச் சோப்புத்தூள் கலக்கும் தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்யும்படி சூப்பர்வைசர் சுதீர் சொன்னார். இறங்குபவர் பியூஸ் கட்டையைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே விதி. சுதீர் அதைக் கழற்றவும் இல்லை, என் கணவரிடம் கொடுக்கவும் இல்லை. மூடி திறந்தால் மெஷினை நிறுத்தும் சுவிட்ச் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. யார் கட்டியது என்று எங்களுக்குத் தெரியாது. இறந்தவர் உள்ளே இருக்கும்போதே, அவர் வெளியே வந்துவிட்டார் என்று சுதீர் கிரணிடம் சொல்லி மெஷினைப் போடச் சொன்னார். கிரண் தொட்டிக்குள் பார்க்காமல் சுவிட்சைப் போட்டார். அதனால் என் கணவர் இறந்தார். இதை நாங்கள் பார்க்கவில்லை. கிரண் சொன்னதைக் கேட்டு எழுதுகிறோம்."

சுற்றி நின்றவர்கள் இன்னும் நெருங்கி வந்திருந்தார்கள்.

"அவரு பேரு எழுதலயா?" என்று கேட்டாள் சின்னத்தாயி.

"யாரு பேரு அண்ணி?"

"அவரு பேரு. நீ என் கணவர்ன்ற, எறந்தவர்ன்ற. சுதீருக்குப் பேரு இருக்குது, கிரணுக்குப் பேரு இருக்குது."

மமதா தாளைப் பார்த்தாள். மேலே, புகார் கொடுப்பவரின் விவரத்தில் 'கோவிந்தப்பாவின் மனைவி' என்று ஒரே ஒரு இடத்தில் இருந்தது. மற்ற எந்த இடத்திலும் இல்லை. அவளுக்கு முகம் சூடானது. தாளை மடியில் வைத்து, ஒவ்வொரு இடமாக அடித்துவிட்டு மேலே 'கோவிந்தப்பா' என்று எழுதினாள். அழகாக இருந்த நகல் அலங்கோலமாகிவிட்டது. மறுபடி நகல் எடுக்க நேரமில்லை.

ஜெயராமன் சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அருகே வந்தார். "சின்னத்தாயி, யோசிச்சுக்கோங்கோ. வேலை விஷயமா நான் மேல பேசினது இந்தப் பேப்பரை வெச்சுத்தான். இது மாறினா என் கையில ஒண்ணும் இல்லை."

சின்னத்தாயி மமதாவிடமிருந்து பேனாவை வாங்கினாள். "வேலை குடுக்கறதா இருந்தா, இது இருந்தும் குடுங்க சார்."

கட்டைவிரல் வைக்கவில்லை. தமிழில் தன் பெயரை எழுதினாள். அவளுக்கு எழுதத் தெரிந்த வார்த்தை அது ஒன்றுதான். கோவிந்தப்பா கல்யாணமான புதிதில், ரேஷன் கடையில் கைநாட்டு வைக்கக் கூச்சப்படுகிறாள் என்று, அரிசிமாவைத் தட்டில் பரப்பி எழுதிப் பழக்கியது. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நட்டுவைப்பதுபோல் எழுதினாள். எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசி எழுத்தை முடித்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பேனாவைக் கொடுத்தாள்.

கீழே மமதா எழுதினாள்: 'இதை எழுதியவர், கோவிந்தப்பாவின் தங்கை மமதா.'

ரைட்டர் தாளை மேஜை மேல் விரித்துவைத்துப் படித்தார். படித்து முடித்து, மீசையைத் தடவிக்கொண்டு உள்ளிருந்து வந்த சிப்பந்தியைக் காத்திருக்கச் சொல்லிக் கை காட்டினார்.

"ஏனம்மா இது" என்று கன்னடத்தில் ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். "இவ்ளோ நேரா யாரும் எழுதமாட்டாங்கம்மா. இதுல ஆகஸ்மிகமா, அதான் தற்செயலான்னு, ஒரு வார்த்தை சேர்த்துக்கோ. எல்லா ஆக்சிடென்ட் கேசுலயும் போடறதுதான். அது இருந்தா ஒருத்தருக்கும் தொந்தரவு இல்ல."

"எது சார் ஆகஸ்மிகம்? பியூஸ் கட்டய குடுக்காததா?"

"நான் உன் நல்லதுக்குச் சொல்றேன். இப்படிக் குடுத்தா கோர்ட்டுக்குக் கூப்பிடுவாங்க. வருஷக்கணக்கா இழுக்கும். அங்க ஒரு வக்கீல் நின்னு உன்ன கேப்பாரு, நீ பாத்தியான்னு."

"பாக்கலன்னு அதுலயே எழுதியிருக்குது சார்."

ரைட்டர் மறுபடி குனிந்து கடைசி வரிகளைப் படித்தார். அவர் விரல் அந்த வரியில் நின்றது. "இந்தக் கிரண் எங்க?"

மமதா திரும்பிப் பார்த்தாள். வாசலிலிருந்து மரம் வரைக்கும் இருந்த வெளியில் கிரண் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தான். உறவுக்காரர்கள் விலகி வழிவிட்டார்கள். அது மரியாதையா வெறுப்பா என்று சொல்ல முடியாது. அவன் யாரையும் பார்க்காமல் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான்.

"நான்தான் சார்" என்றான்.

ரைட்டர் பேனாவைத் திறந்தார்.

பஞ்சநாமா எழுதி முடித்ததும் டாக்டர் உள்ளே போனார். ஜெயராமன் தான் கொண்டுவந்த காகிதங்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிளம்பும்முன் மமதாவிடம் வந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தாள். களைப்பாகத்தான் இருந்தார்.

"எனக்கு ஒரு நகல் வேணுமே."

"ஸ்டேஷன்ல வாங்கிக்கோங்க சார்."

அவர் தலையாட்டினார். ஸ்கூட்டர்வரை போனவர் திரும்பி வந்து, உடம்பை ஏற்றிப் போகத் தொழிற்சாலை வேன் வரும், அது ஏற்கெனவே சொன்னதுதான், அதில் மாற்றம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வேன் வந்தது.

வெயில் சாயும்முன் அடக்கம் நடந்தது. மேளம் வேண்டாம் என்று சின்னத்தாயி சொல்லிவிட்டாள். கோவிந்தப்பாவின் அப்பா காலத்திலிருந்தே அவர்கள் பௌத்தர்கள். விகாரையிலிருந்து வந்த பெரியவர் குழிக்குத் தலைமாட்டில் நின்று ஐந்து சீலங்களைச் சொன்னார். உயிரைக் கொல்லாதிருப்பேன். கொடுக்காததை எடுக்காதிருப்பேன். எல்லோரும் அவர் பின்னால் திருப்பிச் சொன்னார்கள். நான்காவது வந்தபோது, பொய் பேசாதிருப்பேன் என்று சின்னத்தாயியின் குரல் மற்றவர்கள் குரலைவிடச் சற்றுத் தள்ளி, தாமதமாகக் கேட்டது. பெண்களும் மண் போட்டார்கள். கோமளம் வந்திருந்தாள். இடுகாட்டுச் சுவரோரமாகவே நின்றுவிட்டு, கடைசிப் பிடி மண் விழும்முன் போய்விட்டாள். கிரண் அப்போது ஸ்டேஷனில் இருந்தான்.

அன்று இரவு அவனை விட்டுவிட்டார்கள் என்றும், மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் காலையில் தெருவில் பேசிக்கொண்டார்கள். சுதீரைத் தேடி அவன் வீட்டுக்குப் போலீஸ் போயிருக்கிறதாம். மெஷினுக்கு அதிகாரிகள் சீல் வைத்துவிட்டார்களாம். அந்தப் பகுதியில் வேலை நின்றுவிட்டதால் தொழிற்சாலையில் பலருக்கு மமதாவின் மேல் கோபம் என்றும் சொன்னார்கள். மமதா கேட்டுக்கொண்டாள். டெஸ்மண்டுக்குப் பொதுத் தொலைபேசியிலிருந்து பேசி, இன்னும் சில நாள் வர முடியாது, ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தாள்.

தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். ஈஜிபுராவில் தண்ணீர் வருகிற காலைகளில் கோவிந்தப்பாதான் குடங்களோடு போய் நிற்பான். பனியனும் லுங்கியுமாக, பல்குச்சியை மென்றுகொண்டு, முன்னால் நிற்கிற பெண்களிடம் வம்பு பேசிக்கொண்டு. இன்றைக்கு யார் போவது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. சின்னத்தாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மமதா இரண்டு பிளாஸ்டிக் குடங்களை எடுத்துக்கொண்டு போனாள்.

வரிசை நீளமாக இருந்தது. அவளைக் கண்டதும் முன்னால் இருந்த பெண்கள் தங்கள் குடங்களைக் காலால் நகர்த்தி இடம் விட்டார்கள். "நீ பிடிச்சுட்டுப் போம்மா" என்றாள் ஒருத்தி.

"பரவாயில்லக்கா. என் முறை வரட்டும்."

அவள் கடைசியில் போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் பின்னால் இன்னொரு குடம் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. திரும்பினாள். கோமளம். வரிசை நகர்ந்தது. நகரும்போதெல்லாம் இருவரின் குடங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன.

மமதாவின் முறை வந்தது. குழாயின் அடியில் குடத்தை வைத்தாள். தண்ணீர் மெல்லியதாகத்தான் வந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. தண்ணீர் குடத்தின் வாய் வழிந்து, அவள் பாதத்தை நனைத்து, சாக்கடையை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தது.

"குடம் நெறஞ்சிடுச்சு" என்றாள் கோமளம் பின்னாலிருந்து. "எடு."

மமதா குனிந்து குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவளுடைய இரண்டாவது குடத்தைக் கோமளம் கையால் நகர்த்திக் குழாயின் அடியில் வைத்தாள். பிறகு தன் குடத்தைப் பிடித்தபடி, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு காத்து நின்றாள்.